டவுனை வெளிய தூக்குறதா, இடிச்சுக் கட்டுறதா, இருக்கிறதைத் திருத்துறதா? திருமலைக்கு எது சரிவரும்

திருமலை (திருகோணமலை) டவுன் படுத்திட்டுது எண்டு சொல்லாத ஆளில்ல இப்ப. கடைக்காரரும் சொல்றாங்க, கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) வேலை செய்யிறவங்களும் சொல்றாங்க, வெளிநாட்டில இருந்து லீவில வாறவங்க கொஞ்சம் சத்தமாவே சொல்றாங்க. இருட்டினா மெயின் ஸ்ட்ரீட்டில ஷட்டர் இழுக்கிற சத்தம், அதுக்குப் பிறகு ரோட்டில மானும் நாயும் தான் (வெளியூர் ஆக்களுக்குச் சொல்லி வைக்கிறன், கதைக்குச் சொல்லேல்ல, உண்மையாவே புள்ளிமான், பஸ் ஸ்டாண்ட் பக்கமே குப்பையைக் கிளறிக்கொண்டு திரியும்). சரி என்ன செய்யிறது எண்டு கேட்டா ஊர் மூண்டாப் பிரியும்.

முதல் கட்சி, பஸ் ஸ்டாண்டையும் மொத்த வியாபாரத்தையும் தூக்கி அனுராதபுரச் சந்திக்கு அங்கால கன்னியா ரோட்டுப் பக்கம் கொண்டுபோ, அங்க தான் காணி இருக்கு எண்டு நிக்குது. ரெண்டாவது கட்சி, எங்கயும் போகத் தேவையில்ல, மார்க்கெட்டையும் சுத்தியிருக்கிற பழசுகளையும் இடிச்சுப்போட்டு நாலஞ்சு மாடியில ஒரு கொம்ப்ளெக்ஸ் போடு, கீழ பார்க்கிங் மேல ஃபுட் கோர்ட் எண்டு நிக்குது. மூண்டாவது கட்சிக்கு ஆள் குறைவு, அதைக் கேக்கிறதுக்கும் பெரிசா வடிவில்ல: கானை (வடிகாலை)த் திருத்து, நடைபாதையைத் திருத்து, பூட்டிக் கிடக்கிற கடையைத் திற.

நான் மூண்டாவது கட்சி. சொந்தக்காரர் டவுனுக்குள்ள கடை வச்சிருக்கிறாங்க, அதால நடுநிலை எண்டு நடிக்கேல்ல. ஆனா காரணம் அது இல்ல.

முதல்ல இந்த டவுன் எங்க கிடக்கு எண்டதைப் பாக்கோணும். கிழக்கால திறந்த கடல், மேற்கால உள்துறைமுகம், நடுவில ஒடுங்கின ஒரு துண்டு நிலம். தெற்கால போனா டொக்யார்ட், நேவி. கிழக்கு மூலையில கோட்டை, அதுக்குள்ள ஆமி, அதையும் தாண்டி சுவாமி மலையில கோணேசர் கோயில். உள்துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில எயார்போர்ஸ். 1620கள்ல போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சுக் கோட்டை கட்டின காலத்தில இருந்து, ஒல்லாந்தர் வந்து, 1795ல பிரிட்டிஷ்காரன் பிடிச்சு, இண்டைக்கு வரைக்கும் இந்த ஊரில நல்ல நிலம் முதல்ல படைக்கு, மிச்சம் தான் சனத்துக்கு. அதால ஊர் வளர இருந்த பக்கம் வடக்கும் வடமேற்கும் மட்டும் தான், உவர்மலை, பாலையூற்று, உப்புவெளி, நிலாவெளி எண்டு வீடும் ஹோட்டலும் அந்தப் பக்கமாப் போக, டவுன் மட்டும் தெற்குக் கோடியில தங்கிட்டுது. முதல் கட்சி சொல்ற நியாயம் இது தான், இதை இல்லை எண்டு சொல்லேலாது.

ஆனா அவங்க ஒரு விசயத்தை விட்டிடுறாங்க. டவுன் கடைக்கு யார் வாறது? 2012 கணக்கெடுப்பில மாவட்டத்துக்கே 3 லட்சத்து 79 ஆயிரம் சொச்சம் சனம், அதில டவுன் எல்லைக்குள்ள இருக்கிறது சின்னப் பங்கு. மிச்சம் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், குச்சவெளி, கந்தளாய், புல்மோட்டை. முந்தி கிண்ணியாக்குப் பாதை (வாகனமும் ஏத்திற மிதவைப் படகு) ஏறித் தான் போய் வரோணும், 2009ல பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கச் சனத்துக்கு டவுன் கிட்ட வந்திட்டுது. இந்தச் சனத்தில கனபேர் வாறது பஸ்ஸில. மூதூரில இருந்து ஒரு உம்மா காலமை வந்து இறங்கினா, ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவா, துண்டைக் காட்டி மருந்து வாங்குவா, மகளின்ட கலியாணத்துக்கு நகைக்கடையில விலை கேப்பா, புடவைக்கடையில ஏறி இறங்குவா, கடைசியா மரக்கறியும் பழமும் வாங்கிக்கொண்டு பின்னேர பஸ் பிடிப்பா. எல்லாம் நடை. அந்த நடைக்கு நடுவில தான் தேத்தண்ணிக் கடை, போட்டோக் கொப்பிக் கடை, செருப்புக் கடை, ஐஸ்கிரீம் எல்லாம் பிழைக்குது. டவுன் எண்டு நாங்க சொல்றது கட்டடத்தை இல்ல, இந்தச் சங்கிலியை. எந்தத் திட்டம் வந்தாலும் இந்த உம்மா எத்தினை தரம் ஆட்டோவுக்குக் காசு குடுக்கோணும் எண்டு தான் நான் முதல்ல பாப்பன்.

அப்பிடிப் பாத்தா பஸ் ஸ்டாண்டை வெளிய கொண்டுபோறது தான் மூண்டிலயும் ஆபத்தானது. இதுக்குத் தூர இடத்து உதாரணம் தேவையில்ல, வவுனியா காணும். 2017ல புது பஸ் நிலையம் திறந்தாங்க, கட்டடம் நல்ல கட்டடம், ஆனா இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை, அரச பஸ்) ஒரு பக்கம் தனியார் ஒரு பக்கம், யார் எங்க நிக்கிறது யாரின்ட டைம் டேபிள் எண்டு இழுபறி, பிறகு பழைய ஸ்டாண்டை மூடினோடன அதைச் சுத்தியிருந்த கடைக்காரர் எங்கட வியாபாரம் போச்சு எண்டு போராட்டத்துக்கு இறங்கினாங்க. யாழ்ப்பாணத்தில 2021ல தூரப் பயண பஸ்ஸுக்கெண்டு புது நிலையம் திறந்தும் அதே இ.போ.ச. தனியார் சண்டை. இதே வவுனியாவில பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில கட்டுறதா தாண்டிக்குளத்தில கட்டுறதா எண்டு அரசியல்வாதிகள் அடிபட்டு, கடைசியில வேற இடத்தில கட்டி, கட்டின கட்டடம் வருசக்கணக்காப் பூட்டிக் கிடந்தது. காணி இருக்கிற இடத்தில கட்டுறது சுகம், சனம் போற இடத்தில கட்டுறது தான் கஷ்டம்.

ஆனா முதல் கட்சியிட்ட எடுக்க வேண்டிய ஒண்டு இருக்கு. டவுன் நெரிசலுக்குப் பாதிக் காரணம் ஆள் ஏத்தி இறக்கிற பஸ் இல்ல, தன்ர முறை வரும் வரைக்கும் மணித்தியாலக் கணக்கா நிக்கிற பஸ், அதோட காலமை எட்டு மணிக்கும் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கிற லொறி. கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஓடுற பஸ்ஸெல்லாம் வெளிய ஒரு யார்ட்டில நிண்டு, புறப்படுற நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி மட்டும் உள்ள வரலாம். அரிசி, வெங்காய மொத்தக் கடைகள் கன்னியா ரோட்டுப் பக்கம் போறதாலயும் அந்த உம்மாக்கு ஒரு நட்டமும் இல்ல. இது ரெண்டையும் செய்தாலே பஸ் ஸ்டாண்ட் பாதி இடம் விடும்.

அடுத்தது கொம்ப்ளெக்ஸ். இதுக்குத் தான் ஊரில ஆசை கூட, ஏன் எண்டா படம் கீறிக் காட்டலாம், கண்ணாடியும் எஸ்கலேட்டரும் போட்ட ஒரு படத்தை வட்ஸ்அப்பில விட்டா ரெண்டு நாளைக்கு ஊர் அதைத் தான் கதைக்கும். படத்துக்கு இந்த ஊரில பஞ்சமில்ல. நல்லாட்சிக் காலத்தில (2015ல வந்த அரசாங்கம்) சிங்கப்பூர் சுர்பானா ஜுரோங் கம்பனியைக் கொண்டு முழுத் திருமலைக்கும் மாஸ்டர் பிளான் போட்டது ஞாபகம் இருக்கும். சீனக்குடா எண்ணெய்க் குதத்துக்கு (பழைய எண்ணெய்த் தாங்கிகள்) 2022 ஜனவரியில ஒரு ஒப்பந்தம், 99 தாங்கியில 14 இந்தியக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 ரெண்டு பேரும் சேந்து எண்டு பிரிச்சாங்க, பிறகு 2025 ஏப்ரலில இந்தியா, எமிரேட்ஸ் சேந்து எனர்ஜி ஹப் எண்டு இன்னொரு கையெழுத்து. நல்லது நடக்கட்டும். ஆனா அந்தத் தாங்கியில எண்ணெய் நிரம்பினோடன சென்ட்ரல் ரோட்டுப் புடவைக்கடையில சனம் நிரம்பும் எண்டு நினைக்கிறவங்க நினைச்சுக்கொண்டிருக்கலாம்.

கொம்ப்ளெக்ஸில எனக்கு இருக்கிற முதல் பயம், கட்டி முடியும் வரைக்கும் கடைக்காரர் எங்க போறது எண்டது. ரெண்டு வருசம் எண்டு சொன்னா இந்த நாட்டில நாலு எண்டு எடுக்கோணும், 2022ல சீமெந்து விலை போன போக்கில பாதியில நிண்ட கட்டடங்கள் எல்லா ஊரிலயும் இருக்கு. தற்காலிகக் கொட்டகையில ஒரு மரக்கறிக் கடை தாக்குப்பிடிக்கலாம், நகைக்கடையோ பாமசியோ தாக்குப்பிடிக்காது. அதோட இந்த ஊருக்கெண்டு ஒரு ஞாபகம் இருக்கு. 2006 ஏப்ரல் 12, சித்திரை வருசத்துக்கு ரெண்டு நாள் முந்தி மார்க்கெட்டில குண்டு வெடிச்சு, அதுக்குப் பிறகு கடைகளை எரிச்சு, ஆக்களையும் கொன்றாங்க. கனபேர் அதோட கடையை விட்டிட்டுப் போனாங்க, நிண்டவங்க எரிஞ்ச சுவரில இருந்து திரும்பத் தொடங்கினாங்க. அவங்களிட்டப் போய் ‘கொஞ்ச நாளைக்கு மட்டும் வெளிய வாங்கோ, பிறகு இதை விட நல்ல கடை தாறம்’ எண்டு சொன்னா எப்பிடி நம்புறது? கடிதம் கேப்பாங்க, கேக்கிறது சரி.

இடிச்ச நிலம் வெறுமனக் கிடக்கிறதும் இந்த ஊரில சும்மா விசயமில்ல. 2005 மேயில பஸ் ஸ்டாண்டடி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில புத்தர் சிலை வச்சு ஊர் கடையடைப்பாக் கிடந்தது, 2025 நவம்பரில டச்சு பே கரையில சிலைப் பிரச்சினை பாராளுமன்றம் வரைக்கும் போச்சு. மூண்டு இனமும் பக்கத்தில பக்கத்தில கடை போட்டிருக்கிற டவுன் இது, தமிழ் ஆளின்ட கட்டடத்தில முஸ்லிம் நானா வாடகைக்கு இருப்பார், எதிரில சிங்கள முதலாளி, மூண்டு பேரும் ஒரே இடத்தில தான் தேத்தண்ணி குடிப்பாங்க. ஆனா ஒரு இடத்தை வெட்டவெளியாக்கி இனி யாருக்குக் கடை எண்டு ஒரு லிஸ்ட் போட்டா அண்டைக்கே அந்தத் தேத்தண்ணி கசக்கத் தொடங்கும். கொழும்பில வரைபடம் கீறுறவருக்கு இது தெரிய நியாயமில்ல.

ரெண்டாவது, மேல் மாடி. எங்கட ஊர்களில உள்ளூராட்சிச் சபை கட்டின மாடி மார்க்கெட்டுகளைப் பாருங்க, கீழ சனம் இடிபடும், முதல் மாடியில டெய்லர், அதுக்கு மேல ஷட்டர் பூட்டு, படியில வெத்திலை எச்சில். மரக்கறிப் பையோட ஆரும் மேல ஏற மாட்டாங்க. லிப்ட் போட்டா கரண்ட் பில் யார் கட்டுறது, ஜெனரேட்டர் டீசல் யார் போடுறது, ரெண்டு வருசத்தில லிப்ட் பழுதானா யார் திருத்துறது? கொழும்பு கோட்டை ஸ்டேஷனுக்குக் கிட்ட 2014ல மிதக்கும் மார்க்கெட் எண்டு பெரிசாத் திறந்தாங்க, பேரை ஏரித் தண்ணிக்கு மேல வடிவான கடைகள், திறந்த கொஞ்சக் காலம் சனம் போட்டோ எடுத்தது, பிறகு பராமரிப்பில்லாமக் கழண்டு போச்சு. பெட்டா (கொழும்பின்ட பெரிய கடைத்தெரு) சனக்கூட்டத்துக்குப் பக்கத்திலயே அப்பிடி எண்டா இங்க யோசிச்சுப் பாருங்க. இன்னொண்டு, அவ்வளவு பெரிய கட்டடத்துக் கக்கூசுத் தண்ணி எங்க போகும் எண்டதுக்கும் வரைபடத்தில பதில் இருக்கோணும். உள்துறைமுகம் எண்டது பதில் இல்ல.

கொம்ப்ளெக்ஸுக்கு ஒரு இடம் இருக்கு எண்டு தான் நானும் நினைக்கிறன். ஏசி, சுத்தமான பாத்ரூம், பிள்ளையளோட போய் ரெண்டு மணித்தியாலம் இருக்க ஒரு இடம் எண்டு இளம் ஆக்கள் கேக்கிறது பிழையில்ல, அதுக்காக அவங்க கண்டிக்கும் கொழும்புக்கும் போய்க் காசு செலவழிச்சிட்டு வாறாங்க. ஆனா அதை ஓடிக்கொண்டிருக்கிற மார்க்கெட்டுக்கு மேல கட்டாம, ஏற்கனவே வெறுமனாக் கிடக்கிற அரச காணியில, ரெண்டு மாடிக்கு மேல போகாமக் கட்டோணும். அவ்வளவு தான்.

இனி மூண்டாவது. இருக்கிறதைத் திருத்துறது எண்டோடன ஆக்கள் கொழும்பு டச்சு ஹொஸ்பிட்டலைச் சொல்லுவாங்க, 2011ல பழைய ஒல்லாந்தர் கட்டடத்தைத் திருத்திச் சாப்பாட்டுக் கடையும் கடைத்தெருவுமா ஆக்கினது. நல்ல வேலை, ஆனா அது அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரே கட்டடம். மெயின் ஸ்ட்ரீட் அப்பிடி இல்ல, ஒவ்வொரு கடைக்கும் ஒரு உறுதி (சொத்துப் பத்திரம்), ஒவ்வொரு உறுதிக்கும் ஆறேழு பேர். காலி ஊர்க் கோட்டையைச் சொல்றவங்களுக்கும் ஒண்டு சொல்லோணும், 1988ல யுனெஸ்கோ பட்டியலில வந்த பிறகு அங்க காணி விலை ஏறின ஏத்தத்தில பழைய குடும்பங்கள் கனக்க வித்திட்டு வெளிக்கிட்டிட்டுது, இப்ப கஃபேயும் ஹோட்டலும் தான். எனக்கு அது தேவையில்ல. எனக்குப் புடவைக்கடையும் கருவாட்டுக் கடையும் இருக்கிற டவுன் தான் தேவை.

பூட்டிக் கிடக்கிற கடைகளுக்கு வருவம், எனக்கு இது தான் முழுக் கதையின்ட நடு. வியாபாரம் இல்லாமத் தான் பூட்டிக் கிடக்கு எண்டு எல்லாரும் நினைக்கிறாங்க. சிலது அப்பிடித் தான். ஆனா விசாரிச்சா கனக்கக் கடையின்ட கதை வேற: ஐயா செத்துப் போனார், பிள்ளையள் அஞ்சு பேர், ரெண்டு பேர் லண்டன், ஒராள் டொரொன்டோ, ஒராள் கொழும்பு, ஒராள் இங்க. இங்க இருக்கிறவர் வாடகைக்குக் குடுக்கப் பாத்தா லண்டன்காரர் என்ர பங்கைக் கேக்காமக் குடுக்காத எண்டுவார், விக்கப் பாத்தா டொரொன்டோ தங்கச்சி அப்பாவின்ட கடையை விக்கிறதோ எண்டு அழும். அதால பூட்டு. கூரை ஓடு ரெண்டு மழைக்கு உடையும், மூண்டாவது மழைக்கு வளை உக்கும், பிறகு பக்கத்துக் கடைச் சுவரும் ஊறும். இன்னொரு வகை இருக்கு, பழைய வாடகைக்காரர். 1972 வாடகைச் சட்டத்தின்ட பாதுகாப்பில ஒரு காலத்து வாடகையிலயே இருப்பார், எழுப்பேலாது, அந்தச் சில்லறைக்கு ஓனர் கூரை திருத்த மாட்டார், தன்ர இல்லாத கட்டடத்துக்கு வாடகைக்காரரும் காசு போட மாட்டார். பஸ் ஸ்டாண்டை மாத்தினாலும் கொம்ப்ளெக்ஸ் கட்டினாலும் இந்த ரெண்டு முடிச்சும் அப்பிடியே தான் இருக்கும். இடிக்கிறதெண்டா காணி சுவீகரிப்புச் சட்டம் போட்டு எடுக்கோணும், அப்ப அந்த அஞ்சு பிள்ளையளும் நஷ்டஈட்டுக்கு அஞ்சு வக்கீல் பிடிப்பாங்க.

டூரிஸ்ட் பக்கம் இந்தத் தெரிவுக்கு ஒரு மேலதிக லாபம், ஆனா அதை வச்சுக் கணக்குப் போடக்கூடாது. வெள்ளைக்காரர் உப்புவெளி, நிலாவெளியிலயே தங்கிச் சாப்பிட்டு, திமிங்கிலம் பாத்திட்டுப் போயிடுறாங்க. கோணேசருக்கு நாடு முழுக்க இருந்து பஸ் பஸ்ஸா சனம் வருது, கோயில் வழிக் கடையில சாமான் வாங்கி, அதே பஸ்ஸில ஏறிப் போகுது. கோட்டை வாசலுக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில நடந்து போற தூரம் தான், நடக்க ஏலாததுக்குக் காரணம் வெயில், உடைஞ்ச கான் மூடி, நடைபாதையில நிக்கிற மோட்டார்சைக்கிள் (அதில அரைவாசி கடை முதலாளிமாரின்ட தான், கோபிக்காதீங்க). கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) வீசுற மாசத்தில மத்தியானம் அந்த ரோட்டில நிழல் இல்லாம ஆர் நடப்பார்? கடைகளுக்கு முன்னால முந்தின மாதிரித் தாழ்வாரம் இறக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். 2013ல பழைய ஒல்லாந்தர் வீட்டைத் திருத்திக் கடல் வரலாற்று மியூசியம் திறந்தாங்க, ஊர் ஆக்களில கனபேர் இன்னும் உள்ள போகேல்ல.

கடற்கரையை அழகுபடுத்துறது எண்டு எல்லாத் திட்டத்திலயும் ஒரு வரி வரும். செய்யட்டும், லைட்டும் பெஞ்சும் போடட்டும். காந்தி சிலையடி மட்டும் யோசிச்சுச் செய்யோணும், 2006 ஜனவரி 2ல அஞ்சு மாணவர்களைச் சுட்டுக்கொன்ற இடம் அது, இண்டைக்கும் வருசா வருசம் அங்க விளக்குக் கொளுத்துறாங்க. அதுக்கு மேல ஐஸ்கிரீம் கியோஸ்க் வச்சா ஊர் மன்னிக்காது.

எதுவும் செய்யாம விடுறது எண்டு நாலாவது தெரிவும் இருக்கு, இவ்வளவு காலமும் நாங்க எடுத்தது அது தான். அதுக்கும் விலை இருக்கு, சூப்பர்மார்க்கெட்டும் ஷோரூமும் ஒண்டொண்டா பார்க்கிங் இருக்கிற ரோட்டுகளுக்குப் போக, டவுனில மிஞ்சுறது பஸ்ஸும் கச்சேரியும் தான்.

வேலை எப்ப செய்யிறது எண்டதையும் ஆரும் கதைக்கிறேல்ல. ஒக்டோபரில இருந்து ஜனவரி வரைக்கும் வாடைக்காத்து மழை, கான் தோண்டேலாது, தீபாவளியும் அதுக்குள்ள வருது. நோன்பு இப்ப பெப்ரவரி மார்ச்சில வருது, அதோட சித்திரை வருசம், வருசத்திலயே பெரிய வியாபாரம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வேற, சுவாமி வாற ரோட்டைக் கிண்டி வச்சா கொந்துறாத்துக்காரரை (கொன்ட்ராக்டரை)க் கடவுள் தான் காப்பாத்தோணும். மிஞ்சுறது ஜூன், ஜூலை, ஆகஸ்ட். டூரிஸ்ட் சீசன் தான், ஆனா டூரிஸ்ட் டவுனுக்குள்ள வாறேல்லையே, தோண்டுங்க. ஒரே அடியா எல்லா ரோட்டையும் கிண்டாம ஒரு வருசம் சென்ட்ரல் ரோட், அடுத்த வருசம் மெயின் ஸ்ட்ரீட் எண்டு போகலாம். கொம்ப்ளெக்ஸை இப்பிடித் துண்டு துண்டாக் கட்டேலாது, பாதிக் கான் பாதி ஊருக்கு வேலை செய்யும், பாதி லிப்ட் ஒருத்தருக்கும் வேலை செய்யாது.

என்னட்டக் கேட்டா வரிசை இப்பிடி. முதல்ல பஸ் ஸ்டாண்டில பொம்பிளையள் போகக்கூடிய ஒரு கக்கூஸ், காசு வாங்கினாலும் பரவாயில்ல, கழுவ ஆள் இருக்கோணும். அடுத்தது நிக்கிற பஸ்ஸையும் லொறியையும் வெளிய எடுக்கிறது. பிறகு கான், நிழல், லைட். இதோட சமாந்தரமாப் பூட்டின கடைகளை எடுக்கோணும்: பங்காளிகள் எல்லாரும் கையெழுத்து வச்சு, விக்கிற கதை இல்லாம, அஞ்சு வருசத்துக்கு மட்டும் கடையைச் சபையிட்டக் குடுக்கிறது, சபை கூரை திருத்தி வாடகைக்கு விட்டு, திருத்தின செலவைக் கழிச்சு மிச்சத்தைப் பங்குப்படி அவங்கவங்க பாங்க் கணக்கில போடுறது, அஞ்சு வருசம் முடியத் திறப்பை (சாவியை)த் திருப்பிக் குடுக்கிறது. ஆர் எந்த இனம் எண்டு பாக்காம ஏலத்தில விட்டா லிஸ்ட் சண்டையும் வராது. லண்டன்காரரும் டொரொன்டோக்காரரும் அங்க இருந்தே அற்றோனித் தத்துவம் (தங்களுக்குப் பதிலாக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். பத்துக் கடையில செய்து பாத்தாலே சரிவருதா இல்லையா எண்டு தெரிஞ்சிடும், இதுக்கு சிங்கப்பூர்க் கம்பனி தேவையில்ல, சபையும் வியாபாரிகள் சங்கமும் ஒரு நல்ல நொத்தாரிசும் (பத்திரம் எழுதுற வக்கீல்) காணும்.